பழிக்குப் பழி: திரையிலும் வரலாற்றிலும்

சனிக்கிழமை மாலை வாரச் சம்பளத்துடன் பனியன் கம்பெனி வேன்களில் சேவூர் திரும்பும் நம் இளைஞர்கள், இஷாத் தொழுகைக்குப் பின் திண்ணையில் ஒன்றுகூடுவது வழக்கம். சற்று நேரத்தில் பேச்சு ஓய்ந்துவிடும். ஒரு கைப்பேசியைச் சுற்றி நான்கைந்து தலைகள் குனியும். திரையில் ஒருவன், தன் குடும்பத்தை அழித்தவர்களைத் தேடித் தேடி வெட்டிக்கொண்டிருப்பான். அவ்வாறான ஓர் இரவில், பெரியவர்களின் தோள்களுக்கிடையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுவனை அவன் தந்தை அதட்டி அழைத்தார். அவன் திரும்பிக் கேட்டான்: "கெட்டவனத்தானே அத்தா கொல்றாங்க? அது தப்பா?"

தந்தை விடை சொல்லவில்லை. அங்கிருந்த நமக்கும் உடனே விடை தோன்றவில்லை. சினிமா பார்ப்பதே கூடாது என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது நீதியைப் பற்றிய கேள்வி. அநீதி இழைத்தவன் தண்டனை பெற வேண்டும் என்று உள்ளம் விரும்புவது பிழையன்று. அவ்வுணர்வை மனிதனுக்குள் வைத்தவன் அல்லாஹ்வே. அந்த விருப்பம் எந்த இடத்தில் நீதியை விட்டு விலகிப் பழியாகிறது என்பதை வரலாற்றின் துணையோடு சிந்திப்போம்.

திரைக்கு முந்திய பசி

பழிவாங்கும் கதைகளின் மீதான ஈர்ப்பைச் சினிமா உண்டாக்கவில்லை. நம் கொங்கு மண்ணில் பல தலைமுறைகளாக உடுக்கை ஒலியோடு பாடப்பட்டு வரும் அண்ணன்மார் கதையே அதற்குச் சான்று. பங்காளிகளின் கொடுமையும், வேட்டுவரோடு மூண்ட பகையும், பொன்னர், சங்கர் என்னும் இரு சகோதரர்களின் வீரமும் நிறைந்த அக்கதையைக் கேட்க ஊரே இரவிரவாக விழித்திருக்கும். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் வட்டாரத்தில் அக்கதைப் பாடலை முழுமையாக ஒலிப்பதிவு செய்தார்.

நம் முன்னோர் இல்லங்களிலும் இதற்கு இணையான ஒன்று இருந்தது. தமிழ் முஸ்லிம் புலவர்கள் வளர்த்த இலக்கிய வகைகளுள் ‘படைப்போர்’ ஒன்று. அசன் அலிப் புலவரின் ‘ஐந்து படைப்போர்’ அவற்றுள் பெயர்பெற்றது. வாள்கள் மோதும், தலைகள் உருளும் போர்க்களக் காட்சிகளை ஒருவர் இசையோடு படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்ட காலம் அது. ஆகவே இன்றைய இளைஞர்களை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அண்ணன்மார் கதை வெற்றி முழக்கத்தோடு முடிவதில்லை. சகோதரர் இருவரும் மாண்டுபோக, தங்கை தங்காள் அவர்களின் உடல்களைத் தேடிக் களமெங்கும் அலைந்து அழுகிறாள். ‘படுகளம்’ என்னும் சடங்கில் அந்தத் துயரமே நடித்துக் காட்டப்படுகிறது. கொலையைப் பாடியவர்கள் அதைத் தொடரும் ஒப்பாரியையும் சேர்த்தே பாடினார்கள். திரைப்படம் கொலையை வைத்துக்கொண்டு ஒப்பாரியை விட்டுவிட்டது.

இருட்டறையும் கத்தியும்

தமிழ்த் திரையில் இவ்வகைப் படங்களுக்கு ஒரு தெளிவான வரலாறு உண்டு. 1981-இல் எஸ்.ஏ.சந்திரசேகர் இயக்கத்தில் விஜயகாந்த் நடித்து வெளியான ‘சட்டம் ஒரு இருட்டறை’ ஒரு திருப்பம். அறிஞர் அண்ணாவின் புகழ்பெற்ற சொற்றொடரைத் தலைப்பாகக் கொண்ட அப்படத்தில், குற்றவாளிகள் சட்டத்தின் ஓட்டைகள் வழியே தப்பிவிட, பாதிக்கப்பட்டவனே தண்டிக்கப் புறப்படுகிறான். அக்கதை பிற மொழிகளுக்கும் சென்றது. 1983-இல் இந்தியில் ‘அந்தா கானூன்’ என்னும் பெயரில் ரஜினிகாந்தை அறிமுகப்படுத்தியது. 1985-இல் அதே இயக்குநரின் ‘நான் சிகப்பு மனிதன்’ வந்தது. அதில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் இரவில் துப்பாக்கியோடு அலைந்து தீயவர்களைச் சுடுகிறார். அது ‘ஆஜ் கி ஆவாஸ்’ என்னும் 1984-ஆம் ஆண்டு இந்திப் படத்தின் மறுஆக்கம். அதற்கும் முன்னோடி 1974-இல் அமெரிக்காவில் வெளியான ‘டெத் விஷ்’.

இந்த வரிசையின் தொடக்கத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ‘டெத் விஷ்’ படத்தின் மூலம் 1972-இல் பிரையன் கார்ஃபீல்டு எழுதிய நாவல். தனி மனிதன் சட்டத்தைக் கையில் எடுப்பதைத் திரைப்படம் போற்றுவதாகக் கண்டு அவர் வருந்தினார். அந்தப் பாதையின் கேட்டை உணர்த்துவதற்காகவே 1975-இல் ‘டெத் சென்டென்ஸ்’ என்னும் தொடர்ச்சி நாவலை எழுதினார். எழுதியவரே அஞ்சி விலகிய ஒன்றை, அவர் பெயரும் அறியாத நாம் மூன்றாம் தலைமுறை மறுஆக்கமாகக் கண்டு கைதட்டினோம்.

மற்றொரு கிளை, ‘ஸ்லாஷர்’ எனப்படும் படங்கள்: கொலைகாரன் ஒருவன் மறைந்திருந்து ஒருவர் பின் ஒருவராகக் கத்தியால் வெட்டிச் சாய்ப்பவை. அமெரிக்காவில் இவ்வகைக்கு வடிவம் தந்த ‘ஹாலோவீன்’ 1978 அக்டோபரில் வெளியானது. பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைப்பவனைப் பற்றிய பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ தமிழில் வெளியானதும் அதே ஆண்டில்தான். தொடர்ந்து பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ 1980-லும், மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ 1984-லும் வந்தன. திரையரங்குகளில் பார்க்கத் தவறியவர்கள், பின்னாளில் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் இவற்றைப் பார்த்தார்கள்.

இவ்விரு வகைகளும் வெவ்வேறானவை போலத் தோன்றும். உண்மையில், பழிவாங்கும் படம் முடியும் இடத்தில்தான் ஸ்லாஷர் படம் தொடங்குகிறது. 1980-இல் வெளியான ‘ஃபிரைடே த தேர்ட்டீன்த்’ படத்தின் கொலைகாரி ஒரு தாய். முகாம் ஒன்றில் பணியாளர்களின் கவனக்குறைவால் தன் மகன் ஏரியில் மூழ்கிப் போனான் என்னும் வேதனையில், பல ஆண்டுகளுக்குப் பின் அங்கு வந்த வேறு இளைஞர்களை அவள் கொல்கிறாள். 1984-இல் வெளியான ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ படத்தில், குழந்தைகளைக் கொன்ற ஒருவன் சட்ட நுணுக்கத்தால் விடுதலையாகிறான். பெற்றோர் ஒன்றுகூடி அவனை எரித்துக் கொல்கிறார்கள். ‘சட்டம் ஒரு இருட்டறை’ வகைப் படமாயின் அங்கே ‘சுபம்’ போட்டிருப்பார்கள். இங்கோ, எரிக்கப்பட்டவன் கனவில் வந்து அப்பெற்றோரின் பிள்ளைகளைக் கொல்லத் தொடங்குகிறான். முதல் வகையில் நாம் பழிவாங்குபவனின் தோள்மீது நின்று பார்க்கிறோம். இரண்டாம் வகையில் தனக்குத் தொடர்பில்லாத பழிக்குத் தன் உயிரை விலையாகக் கொடுப்பவனின் இடத்தில் நிற்கிறோம்.

நம் வீட்டுக் குழந்தைகள் சிரித்து மகிழ்ந்து பார்த்த ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்திலும் இந்த உண்மை ஒளிந்திருக்கிறது. தந்தையைக் கொன்ற நால்வரைக் குள்ள உருவம் கொண்ட அப்பு விதவிதமான தந்திரங்களால் கொல்கிறான். அக்கொலைகளுக்காகக் காவல்துறை தேடுவதோ, ஒன்றுமறியாத அவனுடைய இரட்டைச் சகோதரன் ராஜாவை. நகைச்சுவையில் அது நம் கண்ணுக்குப் படவில்லை.

ஏன் இனிக்கிறது?

ஊடக உளவியலாளர் டால்ஃப் ஜில்மன் இதற்குக் கூறிய விளக்கம் எளிமையானது. கதைமாந்தர் சிலரை நாம் நேசிக்கிறோம், சிலரை வெறுக்கிறோம். வெறுப்புக்குரியவன் துன்புறும்போது, தகுதியானதைப் பெற்றான் என்னும் நிறைவு நமக்கு உண்டாகிறது. எனவேதான் இப்படங்கள் முதல் அரை மணி நேரத்தை வில்லனின் கொடுமைக்கு ஒதுக்குகின்றன. அதன்பின் நாயகன் எவ்வளவு கொடூரமாக நடந்தாலும் நம் மனசாட்சி உறுத்துவதில்லை. அச்சத்தில் படபடத்த நெஞ்சம் முடிவில் பெறும் விடுதலையும் இன்பமாகவே உணரப்படுகிறது.

இதனோடு நம் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பீஸ் ரேட்டில் கூலி குறைந்தாலும், ஓவர்டைம் கணக்கில் மணிநேரம் விடுபட்டாலும், கான்ட்ராக்டர் அவமதித்துப் பேசினாலும், மறுவாரமும் அதே தையல் மிஷினில் அமர வேண்டிய பிள்ளைகள் இவர்கள். வாரம் முழுதும் விழுங்கிய சொற்களுக்கு எல்லாம் திரையில் ஒருவன் பதில் சொல்லும்போது அவர்களுக்கு ஆறுதலாக இருக்கிறது. அந்த ஆறுதலை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை.

ஆனால் அந்த ஆறுதல் கிடைப்பதற்காகத் திரைப்படம் மூன்றை மறைத்துவிடுகிறது. முதலாவது ஐயம்: குற்றவாளி யார் என்பதில் திரையில் ஐயமே இல்லை, அவன் குற்றம் செய்ததை நாமே பார்த்துவிட்டோம். இரண்டாவது இழவு வீடு: கொல்லப்படும் அடியாளுக்குத் தாயோ மனைவியோ பிள்ளையோ இருப்பதாகக் காட்டுவதில்லை. மூன்றாவது மறுநாள்: கடைசி எதிரி வீழ்ந்ததும் படம் முடிந்துவிடுகிறது.

மறுநாளைப் பற்றி ஆய்வாளர்கள் சிந்தித்திருக்கிறார்கள். கெவின் கார்ல்ஸ்மித், திமோத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் ஆகிய மூவர் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு விளையாட்டில் தம்மை ஏமாற்றியவரைத் தண்டிக்கும் வாய்ப்புச் சிலருக்குக் கொடுக்கப்பட்டது. தண்டித்தால் மனம் ஆறும் என்றே எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. தண்டித்தவர்கள் அந்த நிகழ்ச்சியையே மீண்டும் மீண்டும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். வாய்ப்புக் கிடைக்காதவர்களைவிட மனநிறைவு குன்றியிருந்தார்கள்.

ஓர் ஒட்டகமும் 40 ஆண்டுகளும்

திரை மறைக்கும் இந்த மூன்றையும் வரலாறு மறைப்பதில்லை. இஸ்லாத்திற்கு முந்திய ஜாஹிலிய்யாக் கால அரபு நாட்டில் பக்ர், தக்லிப் என்னும் இரு உறவுக் குலங்களுக்கிடையே நடந்த பசூஸ் போர், அரபு மரபில் 40 ஆண்டுகள் நீடித்ததாகக் கூறப்படுகிறது. தொடக்கம் ஓர் ஒட்டகம். தக்லிப் குலத் தலைவன் குலைப், பசூஸ் என்னும் பெண்ணின் பாதுகாப்பில் இருந்த ஒட்டகத்தை அம்பெய்து வீழ்த்தினான். அவளுடைய உறவினன் ஜஸ்ஸாஸ், குலைபைக் கொன்றான். குலைபின் மனைவி ஜலீலாவோ, ஜஸ்ஸாஸின் உடன்பிறந்த சகோதரி. கணவனை இழந்தாள், கொன்றவன் சகோதரன். எந்தப் பக்கம் வென்றாலும் அவள் வீட்டில்தான் இழவு.

குலைபின் சகோதரன் முஹல்ஹில் பழிதீர்க்கப் புறப்பட்டான். பக்ர் குலத்தைச் சேர்ந்த ஹாரிஸ் இப்னு உபாத் அதுவரை போரில் சேராமல் ஒதுங்கியிருந்தார். அவர் வீட்டு இளைஞன் புஜைர் முஹல்ஹிலின் கையில் கொல்லப்பட்டான். அவனுடைய உயிரோடு இந்தப் பகை முடியுமானால் அதுவும் நன்மையே என்று ஹாரிஸ் எண்ணினார். ஆனால் அவ்விளைஞனின் உயிர் குலைபின் செருப்பு வாருக்கு மட்டுமே ஈடு என்று முஹல்ஹில் கூறியதாகச் செய்தி வந்தது. ஒதுங்கியிருந்தவரும் வாளெடுத்தார். பழிக்குக் கணக்கு வழக்கு கிடையாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த மண்ணுக்குத்தான் திருக்குர்ஆன் அருளப்பட்டது. அது நீதியின் தாகத்தை மறுக்கவில்லை. அதற்கு எல்லை வகுத்தது. கொலைக்குக் கிஸாஸ் என்னும் சமநீதியைக் கூறிய அதே வசனம் (2:178), மன்னித்து ஈட்டுத்தொகை பெறும் வழியையும் திறந்தது. கொல்லப்பட்டவனின் பொறுப்பாளர் வரம்பு மீறக்கூடாது என்று 17:33 எச்சரித்தது. செய்தி வந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு 49:6 கட்டளையிட்டது. ஒரு சமூகத்தின் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று 5:8 கூறியது. ஐயத்திற்கு விசாரணை, இழவு வீட்டிற்கு ஈட்டுத்தொகை, மறுநாளுக்கு மன்னிப்பு: திரை விட்டுவிட்ட மூன்றுக்கும் இறைமறையில் இடமுண்டு.

ஹிஜ்ரி 10-இல் (கி.பி. 632) இறுதி ஹஜ்ஜின்போது, ஜாஹிலிய்யாக் காலத்து இரத்தப் பழிகள் யாவும் இனி இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். முதலாவதாக அவர்கள் கைவிட்டது தம் குடும்பத்தின் பழியைத்தான். அவர்களுடைய பெரிய தந்தை ஹாரிஸின் மகன் ரபீஆவுக்கு ஒரு குழந்தை இருந்தது. பனூ சஅத் குலத்தாரிடம் பாலூட்ட விடப்பட்டிருந்தபோது ஹுதைல் குலத்தார் அக்குழந்தையைக் கொன்றிருந்தார்கள். பிறருக்கு உபதேசிக்கும் முன் தம் வீட்டுக் கணக்கை முடித்துக்கொண்ட தலைமை அது.

அதற்கு முன் உஹதுப் போரில் (கி.பி. 625) நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) கொல்லப்பட்டதும் ஒரு பழியின் தொடர்ச்சியே. பத்ரில் கொல்லப்பட்ட தன் சிறிய தந்தைக்காக ஜுபைர் இப்னு முத்இம், ஹம்ஸாவைக் கொன்றால் விடுதலை என்று தன் அடிமை வஹ்ஷிக்கு வாக்களித்திருந்தார். பின்னாளில் வஹ்ஷி இஸ்லாத்தை ஏற்று வந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். இயலுமாயின் தம் கண்ணில் படாமல் இருக்குமாறு மட்டும் கேட்டுக்கொண்டார்கள். மன்னிப்பதற்குத் துயரம் மறைந்துபோக வேண்டியதில்லை என்று இதிலிருந்து அறிகிறோம். துயரம் இருந்துகொண்டே இருக்கும். கை மட்டும் உயராது.

நம் வாசலில் நடந்தது

பசூஸ் போர் தொலைதூரத்துக் கதை என்று தோன்றலாம். நமக்கு அருகிலுள்ள கோவையில் நடந்ததை நம்மில் மூத்தவர்கள் எவரும் மறக்கவில்லை. 1997 நவம்பர் 29 அன்று பணியிலிருந்த காவலர் ஒருவர் முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் மூண்ட கலவரத்திலும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். அந்த 18 பேருக்கு நீதி கேட்பது நியாயம். அதில் எவருக்கும் ஐயம் வேண்டாம்.

ஆனால் 1998 பிப்ரவரி 14 அன்று நடந்ததை நீதி என்று எவ்வாறு சொல்வது? ஆர்.எஸ்.புரம் உட்பட நகரின் பல இடங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டார்கள்; 200-க்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். முந்தைய கலவரத்தில் கத்தி எடுத்தவர் யார், துப்பாக்கி எடுத்தவர் யார் என்று குண்டு கேட்கவில்லை. அன்று அந்தச் சாலையில் நடந்து சென்றவர்கள் எல்லாரும் புஜைரைப் போல, எல்ம் ஸ்ட்ரீட் பிள்ளைகளைப் போல, தமக்குத் தொடர்பில்லாத பழிக்கு உயிர் கொடுத்தார்கள்.

மறுநாளும் வந்தது. அது பல ஆண்டுகள் நீண்டது. 2007-இல் தனி நீதிமன்றம் 158 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. விடுவிக்கப்பட்டவர்களுள் ஒருவரான கேரளத்தின் அப்துல் நாசர் மஃதனி, அதற்குள் 9 ஆண்டுகளுக்கும் மேலாக விசாரணைக் கைதியாகவே சிறையில் இருந்துவிட்டார். குண்டுவெடிப்போடு எத்தொடர்பும் இல்லாத நம் குடும்பங்களும் வாடகை வீடு கேட்கும்போதும், வேலை தேடும்போதும் ஐயப் பார்வையைச் சந்திக்க நேர்ந்தது. அந்தப் பார்வையில் நமக்கிருந்த வேதனையைப் பேசும்போதெல்லாம், 58 வீடுகளின் வேதனையையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும். அதுவே நீதி.

ஒரு திரைப்படத்தைப் பார்த்து எவரும் குண்டு வைத்துவிடுவதில்லை. அவ்வாறு சொல்வது மிகை. ஆனால் பழி இனிப்பானது, முடிவுள்ளது, குற்றவாளியை மட்டுமே தீண்டுவது என்னும் பொய்யை ஆயிரம் முறை கண்ட மனம், மெய்யான அநீதி தன்னைத் தாக்கும் நாளில் அந்தப் பொய்யையே துணைக்கு அழைக்கக் கூடும். நம் அச்சம் இதுதான்.

சான்றிதழும் திண்ணையும்

சட்டம் தன் பங்கைச் செய்கிறது. எழுத்தாளரும் இயக்குநருமான குவாஜா அஹ்மத் அப்பாஸ் தணிக்கையை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1970-இல் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லாஹ் தீர்ப்பளித்தார். மற்றக் கலைகளைவிடத் திரைப்படம் உணர்வுகளை ஆழமாகக் கிளறுவது, அதிலும் சிறுவர் உள்ளத்தில் மிகுதியாகப் பதிவது என்னும் அடிப்படையில், வயதுக்கேற்பத் தரம்பிரிக்கும் தணிக்கை செல்லும் என்றார். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ‘யுஏ’ பிரிவை 7, 13, 16 என்னும் வயதுகளின்படி மூன்றாகப் பிரித்தது. 2025-இல் ‘கூலி’ படத்திற்கு ‘ஏ’ சான்றிதழ் வழங்கப்பட்டது. அதை மாற்றக் கோரித் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றும் பயன் கிட்டவில்லை.

ஆயினும் திரையரங்கின் வாசலில் நிற்கும் சட்டம் நம் திண்ணைக்கு வருவதில்லை. கைப்பேசியில் வயதைக் கேட்பவர் இல்லை. அந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே. சின்னஞ்சிறார் கண்களுக்கு இக்காட்சிகள் எட்டாமல் தடுப்பது நம் கடமை. சம்பாதிக்கும் வயதுப் பிள்ளைகளிடமோ தடை மட்டும் பயன் தராது. உடன் அமர்ந்து பேசுவதே வழி. கூலியில் அநீதி நேர்ந்தால் தொழிற்சங்கத்தையும் தொழிலாளர் அலுவலகத்தையும் நாட அவர்களோடு துணை செல்வதும் அந்தப் பேச்சின் ஒரு பகுதியே. நீதியின் தாகத்திற்கு நீர் காட்டாமல் கானல் நீரை மட்டும் பழிப்பது முறையாகாது.

அன்று விடை சொல்லாத அந்தத் தந்தை, சில நாட்களுக்குப் பின் பஜ்ர் தொழுதுவிட்டு வீடு திரும்பும் வழியில் மகனிடம் மூன்று கேள்விகள் கேட்டாராம். "அவன் கெட்டவன்னு யாரு விசாரிச்சா? அவன் வீட்டுல யாரு அழுவாங்க? அடுத்த நாள் என்ன நடக்கும்?" பையன் நெடுநேரம் பேசாமல் நடந்தான். பின்பு, "அவனுக்கும் ஒரு பையன் இருந்தா, அவன் என்ன தேடி வருவான்ல அத்தா" என்றான்.

ஹாரிஸ் இப்னு உபாத் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடத்தை, சேவூரின் ஒரு சிறுவன் பள்ளிவாசலிலிருந்து வீடு வருவதற்குள் கண்டுகொண்டான். நம் பிள்ளைகளின் உள்ளத்தில் நீதியின் மீதுள்ள விருப்பத்தை அல்லாஹ் வளர்த்து, பழியின் மீதுள்ள விருப்பத்தைத் தணிப்பானாக. ஆமீன்.